காணாமப் போன ஆறாம் பாகம்

வேண்டாம் தம்பி, மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். மேல வச்சா எவனாவது எறங்கும்போது தன்னோடதுன்னு தூக்கிட்டுப் போயிருவான். நீங்க பாக்குற பார்வையிலயே தெரியுது, என்ன பெட்டியோன்னு யோசிக்கீங்க. குண்டு கிண்டு இல்ல. ஃபில்டர். தண்ணி ஃபில்டர் இல்ல, சத்தத்துக்கு ஃபில்டர். ரேடியோவுல வார இரைச்சலை எல்லாம் வடிகட்டிட்டு, நமக்கு வேண்டிய சத்தத்தை மட்டும் காதுக்கு விடும்.

நீங்க எது வரைக்கும்? என்னது? எட்டயபுரமா. சரி, சரி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. தூத்துக்குடில ஏறுனதுல இருந்து இந்த டிரைவர் கியரை மாத்துறானா, மாவு மில்லு ஓட்டுறானான்னு தெரியல.

எம்பேரு வைகுண்டமணி. கோவில்பட்டில ஒரு நூல் மில்லுல முப்பத்தோரு வருசம் எலக்ட்ரீஷியனா இருந்தேன். வீட்டுல லைசென்ஸ் வாங்கி ரேடியோ செட் வச்சிருக்கேன். ஹாம் ரேடியோன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பரீட்சை எழுதணும், அரசாங்கம் நமக்குன்னு ஒரு பேரு கொடுக்கும், அதைச் சொல்லி எந்த ஊர்க்காரன்கிட்டயும் பேசலாம். இப்பதான் செல்போன் இருக்கேன்னு கேக்காதீங்க. எல்லாரும் அதத்தான் கேக்காங்க. செல்போன்ல நாம பேசுறதை யாரு யாரு ஒட்டுக் கேக்கான்னு நமக்குத் தெரியாது. ரேடியோல எல்லாரும் கேக்கான்னு தெரியும். அதுல ஒரு நேர்மை இருக்கு.

நான் வாயால பேசுறவன் இல்ல. மோர்ஸ். அந்தக் காலத்துத் தந்தி மாதிரி, சாவின்னு ஒரு சின்னக் கட்டை, அதை விரலால தட்டணும். குட்டைச் சத்தம், நெட்டைச் சத்தம். அதை ஹெட்போன்ல கேட்டு எழுத்தா மாத்திக்கிடணும். காது நல்லா இருந்தாத்தான் அது ஓடும். எனக்கு அதுல ஒரு கர்வமே உண்டு. மில்லுல அம்பது மிஷின் ஓடும்போது, எந்த மிஷினுல பேரிங் போகுதுன்னு வாசல்ல நின்னே சொல்லுவேன்.

தூத்துக்குடில உதுமான்னு ஒரு சிநேகிதன். படகுக்காரங்களுக்கு வயர்லெஸ் செட்டு ரிப்பேர் பாத்துக் கொடுக்கிறவன். அவனும் ஹாம். தினம் காலையில ஆறரைக்கு அவன் அங்க இருந்து தட்டுவான், நான் இங்க இருந்து தட்டுவேன். இருபத்திரண்டு வருசம். அங்க காத்து எப்படி, இங்க மழை உண்டா, மொழங்கால் வலி எப்படி இருக்கு, இவ்வளவுதான். அவன் மக நிக்காஹ் அன்னைக்குக்கூட அஞ்சு நிமிசம் வந்து தட்டிட்டுத்தான் போனான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு மாற்றம். அவன் தட்டுறது இரைச்சலுக்குள்ள முங்க ஆரம்பிச்சுது. மொதல்ல பக்கத்து வீட்டுக்காரன் மேலதான் சந்தேகப்பட்டேன். மாடியில புதுசா சோலார் போட்டிருந்தான். அந்த இன்வெர்ட்டர் இரையுதுன்னு சண்டைக்குப் போனேன். அவன் ஒரு நாள் காலையில எனக்காக அதை நிப்பாட்டியே காட்டினான். அப்பவும் இரைச்சல் போகல. வேற எதையோ நிப்பாட்டிட்டு இன்வெர்ட்டர்னு சொல்லியிருப்பான். யாருக்குத் தெரியும்?

பிறகுதான் உதுமான் மேலயே ஒரு எண்ணம் வந்துது. நேரா கேட்டேன். "பவரைக் கொறச்சிட்டியா வே?" அவன் சொன்னான், "இல்ல வே. அதே செட்டு, அதே ஏரியல்." அதே செட்டாம். அப்ப எனக்கு மட்டும் ஏன் கொறையுது? சேலத்துல ஒருத்தன் இருக்கான், அவன் உதுமானை நல்லா தெளிவாக் கேக்கேங்கான். சேலம் எங்க இருக்கு, கோவில்பட்டி எங்க இருக்கு? பக்கத்துல இருக்கிறவனுக்குக் கேக்கலை, தூரத்துல இருக்கிறவனுக்குக் கேக்குதுன்னா அதுல என்னமோ இருக்குல்லா?

சரி, மனுசனை நம்பிப் பிரயோசனம் இல்ல, மிஷினை நம்புவோம்னு முடிவு பண்ணினேன். அப்பதான் சாலமோன் துரைசிங் எழுதின கட்டுரை ஞாபகம் வந்துது. நாசரேத்துக்காரர். கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவர். ஃபில்டர் எப்படிச் செய்யணும்னு இன்டர்நெட்டுல ஆறு பாகமா எழுதியிருந்தார். உதுமான் பல வருசத்துக்கு முன்னால அதைப் பாத்துத்தான் தனக்கு ஒண்ணு செஞ்சான். எங்கிட்டயும் சொன்னான். அப்ப நான், எனக்கெதுக்கு ஃபில்டர், எங்காதே ஃபில்டர்தானேன்னுட்டேன்.

தேடுனேன். ஒரு பழைய பக்கத்துல யாரோ லிங்க் கொடுத்திருந்தான். அழுத்துனா, அப்படி ஒரு இடமே இல்லைன்னு வருது. ஓசியில இடம் கொடுத்துக்கிட்டிருந்த கம்பெனி கடையை மூடிட்டுப் போயிட்டான். அவருக்கு மெயில் போட்டேன், திரும்பி வந்துட்டு. பிறகு, பழைய பக்கங்களை எல்லாம் நகல் எடுத்து வச்சிருக்கிற ஒரு இடம் உண்டு, அதுல போய்த் துழாவினேன். மூணு வாரம். கிடைச்சுது. ஆனா எப்படிக் கிடைச்சுது தெரியுமா? எழுத்து இருக்கு, படம் இல்ல. சர்க்யூட் படம் இருக்க வேண்டிய இடத்துல ஒரு சின்னக் கட்டம், அதுக்குள்ள ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அதுக்குக் கீழ அவர் எழுதியிருக்கார், "மேலே உள்ள படத்தைக் கவனமாகப் பார்க்கவும்"னு. நான் அந்தப் பெருக்கல் குறியைக் கவனமாப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

விடுங்க, எழுத்தை வச்சே படத்தைப் போட்டுக்கிட்டேன். எந்தக் கண்டென்சர் எங்க போகுதுன்னு மனுசன் விளக்கமாத்தான் எழுதியிருக்கார். அஞ்சு பாகமும் இருந்துது. அஞ்சாவது முடிவுல சொல்லுதார், "ஃபில்டரை எந்தச் சுருதியில் வைக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம். அதை ஆறாம் பாகத்தில் காண்க." அழுத்துனேன். இல்ல. எங்க தேடியும் அந்த ஒண்ணு மட்டும் இல்ல.

நீங்களே சொல்லுங்க. அஞ்சு இருக்கு, ஆறு இல்ல. களவாணி வீட்டுக்குள்ள புகுந்து அஞ்சு டப்பாவை விட்டுட்டு ஒண்ணை மட்டும் ஏன் எடுக்கான்? அதுலதான் நகை இருக்குன்னு தெரிஞ்சவன் எடுக்கான். அந்தக் கட்டுரையைப் பத்தித் தெரிஞ்சவன், செஞ்சு பாத்தவன், இந்தப் பக்கத்துல யாரு? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தான்.

அவசரப்படல. மொதல்ல நானே ஒரு ஃபில்டர் செஞ்சேன். சுருதியை ஆயிரம் சைக்கிள்ல வச்சேன், சத்தத்துக்கு அதான் அளவு. மோர்ஸ் படிச்ச நாள்ல இருந்து எனக்கு ஆயிரம்தான். கீச்சுன்னு ஊசி மாதிரி இருக்கும். போட்டுக் கேட்டா, முன்னால கொஞ்சம் கேட்டதும் போச்சு. எல்லாம் கம்பளிக்குள்ள போட்டுச் சுத்துன மாதிரி. ஆறாம் பாகம் இல்லாம இது ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. பஸ் ஏறி உதுமான் கடைக்கே போயிட்டேன்.

அவன் ஏதோ படகுச் செட்டைப் பிரிச்சுப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஈயத்தை உருக்கிப் பத்து வச்சிக்கிட்டிருந்தான். அந்தப் பக்கம் கடையில ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடுது. "ஆறாம் பாகம் உங்கிட்ட இருக்கா வே?"ன்னு கேட்டேன். அஞ்சு பாகம் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தானாம், கடைக்குள்ள வெள்ளம் வந்தப்ப நனைஞ்சு கூழாயிட்டாம். ஆறாவதை அவன் பாத்ததே இல்லையாம். "அப்ப நீ எப்படிச் செஞ்சே?" "குத்துமதிப்பாச் செஞ்சேன்." குத்துமதிப்பா! ஒரு திருகாணிக்குக்கூட அளவு பாக்கிறவன் தம்பி அவன்.

நான் விடல. "மறைக்காத வே. எனக்கு அது வேணும். நீ தட்டுறது எனக்கு விழவே மாட்டேங்குது"ன்னேன். அப்ப அவன் திரும்பாமலே சொன்னான், "மொதல்ல காசைக் காட்டு வே."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்திரண்டு வருசம். "என்ன சொன்னே?"ன்னேன். "காசைக் காட்டுன்னேன். எத்தனை நாளாச் சொல்லணும்னு நெனச்சிக்கிட்டிருக்கேன்." அதையும் சேத்துச் சொல்லுதான்! நாள்கணக்கா நெனச்சிக்கிட்டு இருந்தானாம்.  செருப்பை மாட்டுனேன், வந்துட்டேன். பின்னாலயே வாசல் வரைக்கும் வந்து என்னமோ கத்துனான். நான் திரும்பிப் பாக்கல.

எங்க ஹாம்காரங்களுக்கு வாட்ஸப்ல ஒரு குரூப் உண்டு. முப்பத்தெட்டுப் பேரு. அன்னைக்கே அதுல எழுதினேன். ஒருத்தர் ஊருக்கு உபகாரமா இலவசமாக் கொடுத்த கட்டுரையை, நம்மள்ல ஒருத்தர் பதுக்கி வச்சிக்கிட்டு விலை பேசுறார்னு. பேரு போடல. ஆனா தூத்துக்குடின்னு போட்டேன். தூத்துக்குடில எங்க குரூப்புக்கு ஒருத்தன்தான். சாயங்காலத்துக்குள்ள உதுமான் குரூப்பை விட்டு வெளிய போயிட்டான். ஒரு வரி பதில் இல்ல. குத்தம் இல்லாதவன் ஏன் வெளிய போறான்? அப்படித்தான் நான் கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் கேட்டாங்க. மறுநாள் காலையில ஆறரைக்கு நான் செட்டைப் போடல. அதுக்கு மறுநாள் போட்டேன், அவன் இல்ல.

ஏழு மாசம் போச்சு தம்பி.

அந்த ஏழு மாசமும் நான் சும்மா இல்ல. சாலமோன் துரைசிங்கைத் தேடுனேன். உதுமான் இல்லாம அந்தக் கட்டுரையை வாங்கிக் காட்டணும்னு ஒரு வெறி. அந்தப் பழைய நகல்கள்ல, வந்து போறவங்க எழுதிட்டுப் போறதுக்கு ஒரு பக்கம் இருந்துது. அதுல ஒருத்தன், உங்களை நேர்ல பாக்கலாமான்னு கேட்டிருக்கான். இவர் பதில் போட்டிருக்கார், "ஞாயிறு காலை தவிர எப்போதும் வரலாம். ஞாயிறு ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பேன்"னு. அதைப் பிடிச்சேன். நாசரேத்துக்குப் போயி, கோயிலைப் பாத்துக்கிறவர்கிட்ட, இங்க ஆர்கன் வாசிச்ச சாலமோன் சார் வீடு எதுன்னு கேட்டேன். அவர் எறந்து நாலு வருசம் ஆச்சாம். வீட்டை வித்துட்டாங்களாம். ஒரே மக, கிறிஸ்டபெல், சாயர்புரத்துல கணக்கு டீச்சரா இருக்காங்கன்னு சொன்னார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். அந்தம்மா கிரில் கேட்டைத் திறக்கவே இல்ல. உள்ள நின்னுக்கிட்டு, "எதுக்கு சார் அப்பாவோட கட்டுரை?"ன்னு கேக்காங்க. என்னைச் சந்தேகமாப் பாக்காங்க. எனக்குக் கோவம். நான் என்ன களவாணியா? பிறகு அவங்களே சொன்னாங்க, அப்பா எறந்த மாசத்துலயே ரெண்டு பேரு வந்து, பாத்துட்டுத் தாரோம்னு சொல்லி அவரோட செட்டை எல்லாம் வண்டில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். திரும்பி வரவே இல்லையாம். "அதனாலதான் சார். ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு பாய் வந்து இதே ஆறாம் பாகத்தைக் கேட்டாங்க. அவங்களுக்கும் நான் கொடுக்கல"ன்னாங்க.

பாய்னதும் நான் குறுக்க விழுந்தேன். "யாரு, தூத்துக்குடியா? வெள்ளைத் தாடி, டிவிஎஸ் வண்டியா?"ன்னேன். ஆமான்னாங்க. பாத்தீங்களா! எனக்கு முந்தி வந்து அமுக்கப் பாத்திருக்கான். "நல்லவேளை கொடுக்கலம்மா. அந்த ஆளு அதை வச்சு வியாபாரம் பண்ணுறவன்"ன்னேன்.

அந்தம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க. "அப்படித் தெரியலையே சார். தனக்கில்ல, சிநேகிதனுக்குன்னாங்க. அவருக்குக் காது போய்க்கிட்டே இருக்காம். சொன்னா ஒத்துக்கிடமாட்டேங்காராம். காதைக் காட்டு வே, டாக்டர்கிட்ட மொதல்ல காதைக் காட்டுன்னு சொன்னதுக்கு, செருப்பை மாட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாராம்."

கேட்டுக்கிட்டிருக்கீங்களா தம்பி? காதைக் காட்டு.

நான் கேட்டைப் பிடிச்சிக்கிட்டு நின்னேன். "காசுன்னுல்லா சொன்னான்"ன்னேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. உள்ள போயி ஒரு துண்டுச் சீட்டு எடுத்துட்டு வந்தாங்க. "கட்டுரை கிடைச்சா இந்த விலாசத்துக்கு அனுப்பச் சொன்னாங்க. நாந்தான் அனுப்பல"ன்னு நீட்டுனாங்க. உதுமான் எழுத்து எனக்குத் தெரியும். கோழி கிண்டுன மாதிரி. வைகுண்டமணி, ரெண்டாவது தெரு, கோவில்பட்டி. எம்பேரு, என் விலாசம். கீழ அவன் பேரு கிடையாது.

அப்பவும் என் புத்தி என்ன சொல்லுது தெரியுமா? என் விலாசத்தை இவன் ஏன் ஊரு பூரா கொடுக்கான்னு. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் அப்படித்தான் நெனச்சேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

சீட்டைப் பாத்து, "நான்தாம்மா வைகுண்டமணி"ன்னேன். கேட்டைத் திறந்தாங்க.

அவங்க அப்பாவோட கம்ப்யூட்டரை ஒரு பெட்ஷீட்டு போட்டு மூடி வச்சிருந்தாங்க. அது எந்திரிக்கவே பத்து நிமிசம் ஆச்சு. உள்ள எல்லாம் ஒழுங்கா இருந்துது. பாகம் ஒண்ணு, ரெண்டு, மூணு. படங்களோட. ஆறும் இருந்துது. நான் கேட்டேன், "அப்ப இதை யாரும்மா நெட்டுல இருந்து எடுத்தது?" "யாரும் எடுக்கல சார். அப்பா அதைப் போடவே இல்ல"ன்னாங்க.

போடவே இல்ல! லிங்கை மட்டும் முதல்லயே போட்டுட்டார். எழுதியும் முடிச்சிட்டார். ஏத்தல. ஏன்னா அந்தப் பாகம் பூரா அவர் காதைப் பத்தி. கப்பல்ல எஞ்சின் ரூமுக்குப் பக்கத்துலயே இருபது வருசம் இருந்ததுல அவர் காதுல பாதி போச்சு. கோயில்ல ஆர்கன் வாசிக்கிறவருக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா எடுத்துருவாங்கன்னு பயம். அவங்க வாயில முந்தானையை வச்சிக்கிட்டு லேசாச் சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க, "ஆனா சார், மேல் சுருதியில அப்பா தப்புத் தப்பா வாசிக்கிறது சபையில எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லல."

ஆறாம் பாகத்துல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல தம்பி. முதல்ல உன் காதை அளந்துக்கோங்காரு. இன்னொருத்தரை உக்கார வச்சு, கீழ்ச் சுருதியில இருந்து ஒவ்வொண்ணா சத்தம் போடச் சொல்லு. கேக்குறப்ப கையைத் தூக்கு. எது நல்லாக் கேக்குதோ அதுல ஃபில்டரை வையி. எது உனக்குப் பிடிக்கும்னு பாக்காத, எது கேக்குதுன்னு பாருன்னு எழுதியிருக்கார். சோதிக்கிறதுக்குச் சத்தங்களையும் பதிஞ்சு வச்சிருந்தார்.

"பாத்திருவோமா சார்?"ன்னாங்க டீச்சர். எனக்கென்ன பயம்? போடுங்கன்னேன். முந்நூறு போட்டாங்க, கையைத் தூக்குனேன். நானூறு, தூக்குனேன். ஐந்நூறு, தூக்குனேன். அறுநூறு, கொஞ்சம் மங்கல்தான், இருந்தாலும் தூக்குனேன். பிறகு நான் காத்துக்கிட்டிருக்கேன். அவங்க என்னையே பாத்துக்கிட்டிருக்காங்க. சரி, பழைய கம்ப்யூட்டர், நேரம் எடுக்கும்னு பேசாம இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "ம், போடுங்கம்மா"ன்னேன்.

"போட்டுட்டேன் சார். எழுநூறு, எண்ணூறு எல்லாம் தாண்டியாச்சு. ஆயிரம். ஒரு நிமிசமா ஓடிக்கிட்டிருக்கு."

ஸ்பீக்கர் போயிருக்கும்னு சொல்ல வாயெடுத்தேன். அப்ப அவங்க மொகத்தைப் பாத்தேன். ரெண்டு கண்ணையும் சுருக்கி, ஒரு காதைக் கையால பொத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவ்வளவு சத்தம். எனக்கு அந்த ரூம்ல ஃபேன் சுத்துறது மட்டும்தான் கேக்குது. நான் வாயை மூடிக்கிட்டேன்.

அந்தம்மா நிப்பாட்டிட்டு, உள்ள போயி ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்து வச்சாங்க. 

ஊருக்கு வந்து ஃபில்டரைப் பிரிச்சேன். நானூத்தம்பதுல வச்சேன். இந்தா, இதுதான் அது. காலையில போட்டுக் கேட்டா, தம்பி, இரைச்சல் எல்லாம் ஒதுங்கிட்டு. கொழும்புக்காரன் ஒருத்தன் சென்னையில ஒருத்தன்கிட்டப் பேசுறான், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா வந்து விழுது. ஆனா ஆறரைக்கு உதுமான் இல்ல. ஒம்பது நாள் பாத்தேன். அவன் பேரைத் தட்டித் தட்டிப் பாத்தேன். இல்ல. அதான் இன்னைக்கு நேர்லயே போயிட்டு வாரேன்.

என்ன சொன்னானா? சொல்லுதேன்.

மாடியில அவன் ஏரியலை எறக்கிட்டான். கம்பு மட்டும் நிக்குது, அதுல கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கு. அவன் வாசல் நடையில நின்னான், உள்ள வான்னு சொல்லல. நான் எல்லாத்தையும் சொன்னேன். சாயர்புரம் போனது, சீட்டு, ஆயிரம் சைக்கிள், காசு, காது, எல்லாம். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். பிறகு தலையைக் குனிஞ்சிக்கிட்டு என்னமோ சொன்னான். எனக்கு விழல. வழக்கமா நான் என்ன செய்வேன்? இதைத்தான் சொல்லியிருப்பான்னு நானா ஒண்ணை நெனச்சிக்கிட்டு அதுக்குப் பதில் சொல்லுவேன். இன்னைக்கு அப்படிச் செய்யல. "எனக்குக் கேக்கல வே. என் மொகத்தைப் பாத்துச் சொல்லு"ன்னேன். அறுபத்தேழு வயசுல முதல் தடவையா அதைச் சொல்லுதேன்.

அவன் நிமிந்து என்னைப் பாத்தான். மொகம் கொஞ்சம் எளகுன மாதிரி இருந்துது. அப்புறம் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "முப்பத்தெட்டுப் பேருக்கு முன்னால சொன்னதை, என் வீட்டு நடையில வந்து இல்லைன்னா எப்படி வே? நான் சாவியைத் தொட்டா, ரேட்டு என்ன பாய்னு எவனாவது கேட்டுச் சிரிக்கான். அதான் ஏரியலை எறக்கிட்டேன்."

அது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அவனா கோவிச்சிக்கிட்டு வரலைன்னுதான் நெனச்சிருந்தேன்.

பிறகு உள்ள கூப்பிட்டான். டீ கொடுத்தாங்க. சீனி இல்லாத டீ. எனக்கு வேணும்னே அப்படிக் கொடுத்தாங்களோன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. அவனுக்கும் அதே டீதான். சுகர் வந்திருக்கு போல. ஃபில்டரைக் கையில வாங்கித் திறந்து பாத்தான். "நல்லாச் செஞ்சிருக்கே. சால்டரிங் மட்டும் அசிங்கமா இருக்கு"ன்னான்.  பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டில கொண்டாந்து விட்டான்.

அதான் இப்ப குரூப்ல போடணும்னு போன்ல எழுதி வச்சிருக்கேன். தூத்துக்குடில இருந்து எழுதிக்கிட்டே வாரேன். இந்தாங்க, நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, சரியா இருக்கான்னு பாருங்க. "நண்பர்களுக்கு வணக்கம். கடந்த மாதங்களில் ஏற்பட்ட தகவல் தொடர்புக் கோளாறு காரணமாக இரு தரப்பிலும் உண்டான மனக்கசப்பு..."

என்ன? ஏன் சிரிக்கீங்க? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க. ஓ. இரு தரப்பா. ம். அவன் தரப்புல என்ன தப்புன்னு கேக்கீங்க. நியாயந்தான். அவன் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்லா? இல்ல, சரி. விடுங்க. அழிக்கேன்.

பொறுங்க. இந்த எழுத்து எல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. ம். இப்பப் பாருங்க. "உதுமான் எந்தக் கட்டுரையையும் பதுக்கவில்லை. யாரிடமும் காசு கேட்கவில்லை. நான் சொன்னது பொய். எனக்குக் காது சரியாகக் கேட்காது. வைகுண்டமணி." போதுமா? மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வேணுமா? அதை அவன்கிட்டல்லா கேக்கணும், இவனுகளுக்கு எதுக்கு? சரி, போட்டுட்டேன். போயிட்டு. இந்தா, ஒருத்தன் பாத்துட்டான். பாக்கட்டும். நான் இதைப் பையில வச்சிருதேன். எவன் என்ன எழுதுனாலும் வீட்டுல போய்ப் பாத்துக்கிடலாம்.

வீட்டுலயா? இல்ல, காது விசயத்தை வீட்டுல இன்னும் சொல்லல. என் வீட்டுக்காரி உலகம்மாளுக்கு இந்த ரேடியோ விவகாரம் எதுவும் தெரியாது. அவ இப்பல்லாம் எங்கிட்ட அதிகமாப் பேசுறதும் இல்ல. முன்னால வாய் ஓயாது. ரெண்டு வருசமா அப்படியே கொறைஞ்சுபோச்சு. சோத்தைப் போட்டு வச்சிட்டு மேசையில ரெண்டு தட்டுத் தட்டுவா. நான் போயி உக்காருவேன். என்மேல என்ன கோவமோன்னு நானும் விட்டுட்டேன். அவ தங்கச்சி வீட்டுக்குப் போனா மட்டும் மணிக்கணக்காப் பேசுதா. என்னைப் பத்தித்தான் என்னமோ சொல்லுதான்னு ஒரு சந்தேகம்கூட எனக்கு உண்டு. அங்க அந்தப் பேச்சுப் பேசுதவ, எங்கிட்ட மட்டும் ஏன் மேசையைத் தட்டணும்? வாயால கூப்பிட்டா என்ன...

கூப்பிட்டிருக்கா தம்பி.

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டுத்தான் தட்ட ஆரம்பிச்சிருக்கா.

இந்தா, எட்டயபுரம் வந்துட்டு. எறங்குங்க, எறங்குங்க, எனக்காக நிக்காதீங்க. கோவில்பட்டிக்கு இன்னும் அரை மணி நேரம் கெடக்கு. அவகிட்ட எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு நான் கொஞ்சம் யோசிக்கணும்.